விண்டோஸ் 98-இல் எஸ்எஸ்எச் வழிக் கோப்புகள்: நடுவில் ஒரு ராஸ்பெர்ரி பை

தொலைவிலுள்ள சர்வரின் கோப்புகளை விண்டோஸ் 98-இல் திறக்க, அதை நேரடியாக எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே கோப்புறையை இணைக்கும் கருவி) பேசவைக்க மெனக்கெட வேண்டாம். எஸ்எஸ்எச்எஃப்எஸ் சார்ந்திருக்கும் ஃபியூஸ் என்ற லினக்ஸ் வசதி அதில் கிடையாது; அந்தக் காலத்து எஸ்எஸ்எச் கிளையன்ட்டுகளுக்கு இன்றைய சர்வர்கள் கேட்கும் சாவி முறைகள் தெரியாது. வைஃபையும் ஈதர்நெட்டும் உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை (லினக்ஸ் ஓடும் சிறு கணினி) நடுவில் இருந்தால் வேலை முடிந்தது: வைஃபை பக்கம் எஸ்எஸ்எச், கேபிள் பக்கம் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்பு பகிரும் மென்பொருள்).

கேபிளில் ஓடப்போவது மறையாக்கம் இல்லாத எஸ்எம்பி1, அதாவது விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை. எனவே பழைய கணினியை ரவுட்டரில் செருகாதீர்கள், ராஸ்பெர்ரியிலேயே நேராகச் செருகுங்கள். சாதாரண கேபிள் போதும். ராஸ்பெர்ரிக்கு 192.168.50.1, விண்டோஸுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாகவே இருக்கட்டும்.

முதலில் எஸ்எஸ்எச் பக்கம். ராஸ்பெர்ரியில் கடவுச்சொல் இல்லாத ஒரு இடி25519 வகை எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கி, சர்வரில் அதற்கு எஸ்எஃப்டிபிக்கு (எஸ்எஸ்எச் வழிக் கோப்புப் பரிமாற்றம்) மட்டும் அனுமதி கொடுங்கள். சர்வர் கோப்புறையை மவுண்ட் செய்யப்போகும் (ராஸ்பெர்ரியின் ஒரு கோப்புறையில் இணைக்கப்போகும்) அதே பயனராக ஒருமுறை கையால் இணைந்து, சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் சாவிக்கு 'யெஸ்' சொல்லிவிடுங்கள். ராஸ்பெர்ரி துவங்கும்போது ரூட் (நிர்வாகிப் பயனர்) மவுண்ட் செய்கிறது என்றால் ரூட்டாகத்தான் சொல்ல வேண்டும். இங்கே தவறுகிறவர்கள் நிறைய. மவுண்ட் விருப்பங்களில் 'ரீகனெக்ட்', 15 விநாடிக்கு ஒரு 'சர்வர் அலைவ் இன்டர்வல்', 'அலவ் அதர்' மூன்றும் வேண்டும். சாதாரணப் பயனராக மவுண்ட் செய்தால் ஃபியூஸ் அமைப்புக் கோப்பில் 'யூசர் அலவ் அதர்' வரியின் முன்னுள்ள # குறியையும் நீக்குங்கள். இல்லையென்றால் மவுண்ட் செய்த பயனரைத் தவிர யாருக்கும், ரூட்டுக்கும்கூட, ஃபியூஸ் கதவைத் திறக்காது. சாம்பாவுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

ரூட்டாக மவுண்ட் செய்வதானால், அதற்குமுன் அந்தக் காலி கோப்புறையை 'சேட்டர்' கட்டளையால் மாற்றமுடியாததாக்கி வையுங்கள். இல்லையேல், இணைப்பு இல்லாத நேரத்தில் விண்டோஸ் எழுதும் கோப்புகள் எஸ்டி கார்டில் விழும். மவுண்ட் திரும்பியதும் அவை கண்ணில் படாமல் அடியில் கிடக்கும்.

அடுத்து சாம்பாவின் அமைப்புக் கோப்பு. 'சர்வர் மின் புரோட்டோகால்' என்டி1 (எஸ்எம்பி1-தான்), பழைய கடவுச்சொல் சரிபார்ப்பு முறைகளான 'என்டிஎல்எம் ஆத்', 'லேன்மேன் ஆத்' இரண்டும் யெஸ், 'ஆப்லாக்ஸ்' நோ. 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' கொடுத்து ஈதர்நெட்டோடு கட்டிப்போடுங்கள். விண்டோஸ் 98 தட்டுவது 445-ஆம் போர்ட்டை அல்ல, 139-ஐ. பகிர்வின் பெயர் 12 எழுத்தைத் தாண்டக்கூடாது. லேன்மேனை இயக்கிய *பிறகுதான்* 'எஸ்எம்பிபாஸ்வேர்ட்' கட்டளையால் சாம்பா பயனருக்குக் கடவுச்சொல் வையுங்கள், 14 எழுத்துக்குள். முன்பே வைத்திருந்தால் எல்எம் ஹாஷ் (லேன்மேன் முறைக்கான கடவுச்சொல் பதிவு) பதிவாகியிருக்காது.

இதில் பிசகினால் விண்டோஸில் ஐபிசி$ என்ற மறைவான பகிர்வுக்குக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வரும். எத்தனை முறை சரியாக அடித்தாலும் மறுபடி கேட்கும். அந்தப் பெட்டியில் பயனர்பெயருக்கு இடமே இல்லை, கவனியுங்கள். விண்டோஸில் எந்தப் பெயரில் நுழைந்தீர்களோ அதுதான் போகும். ஆகவே லாக்ஆன் பெயரும் சாம்பா பயனர்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நெட்வொர்க் நெய்பர்ஹுட்டில் ராஸ்பெர்ரி தெரியாவிட்டால், விண்டோஸ் கோப்புறையில் எல்எம்ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் ராஸ்பெர்ரியின் ஐபி, பெயர் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். நோட்பேட் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடும், அதை நீக்காவிட்டால் பயனில்லை.

தமிழ்க் கோப்புப்பெயர்கள் சிதைந்துதான் தெரியும். விண்டோஸ் 98-இன் கோட்பேஜில் (எழுத்துத் தொகுதியில்) தமிழ் இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றுவது ஒன்றே வழி. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள கோப்புறையைத் திறந்தால் எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கும். 'வியூ ஆஸ் வெப் பேஜ்' அணைத்தால் கொஞ்சம் தேவலை. கோப்புகளை ஜிப்பாகக் கட்டிவைப்பது இன்னும் நல்லது.