தடுப்பூசி விழிப்புணர்வுப் பணியில் தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி குறித்து மக்களிடம் எடுத்துரைக்கும் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் சறுக்குவது மருத்துவ அறிவில் அன்று, சொல்லும் முறையில்தான். அத்தகைய தவறுகளுள் முதன்மையானதாக எனக்குப் படுவது, எப்படியாவது சம்மதிக்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் உண்மையைச் சற்றுக் கூட்டிச் சொல்வது.

'எந்தப் பக்கவிளைவும் இல்லை' என்று துண்டறிக்கையில் அச்சிடுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி ஊசி, சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் சிறு கொப்புளமாகி, உடைந்து, ஆறித் தழும்பாவது இயல்பு. 6, 10, 14 வாரங்களில் போடப்படும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குப் பிறகு அன்றிரவே குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கான காய்ச்சலோ ஒரு வாரம் கழித்துக்கூட வரும். இவற்றை முன்கூட்டியே கேட்டறிந்த தாய், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓரளவு நிதானமாக இருப்பார். அறியாதவர் அடுத்த தவணைக்கு வரவே மாட்டார். எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

பலனை மிகைப்படுத்துவதும் இதே வகைத் தவறுதான். பேதியை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்தைப் 'பேதியைத் தடுக்கும் மருந்து' என்று சுருக்கிச் சொல்லிவிட்டால், வேறு கிருமியால் குழந்தைக்குப் பேதி வரும் நாளில் அந்த மருந்தின்மீது மட்டுமன்றி எல்லாத் தடுப்பூசிகள்மீதும் ஐயம் விழும்.

வதந்தியை மறுக்கப் போய் அதையே பரப்புவது அடுத்த தவறு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் செய்திகளைக் கண்டு மிரண்ட பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றனர். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நேரத்தில் பொய்ச் செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டு அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த சுவரொட்டியை ஒட்டினால், பேருந்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது கோடு அன்று, செய்திதான். ரூபெல்லா கருவுற்ற பெண்ணைத் தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம் ஆகியவற்றில் குறை நேரலாம் என்ற உண்மையே முதல் வரியாக இருக்க வேண்டும். வதந்திக்கு ஒரு வரி போதும், அதுவும் பின்னால்.

ஊசிக்குப் பின் ஒருவர் இறந்துவிட்டால் பல அமைப்புகள் வாய்மூடிவிடுகின்றன, அல்லது விசாரணைக்கு முன்பே 'தொடர்பே இல்லை' என்று அறிவிக்கின்றன. இரண்டுமே கெடுதல். 2021 ஏப்ரல் 15 அன்று கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், மறுநாள் மாரடைப்புக்கு உள்ளாகி 17 ஆம் நாள் காலமானார். இதய ரத்தக் குழாய் அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் அப்போதே விளக்கினாலும், ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்ற தேசிய வல்லுநர் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளிவந்தது. அப்படிப்பட்ட இடைவெளியில், இதுவரை தெரிந்தது எது, எது விசாரணையில் உள்ளது, விசாரிப்பவர் யார் என்று தயங்காமல் சொல்வதே ஓர் அமைப்பு செய்யக்கூடிய நேர்மையான பணி. குடும்பத்தாரின் துயரத்தைப் 'புள்ளிவிவரப்படி மிக அரிது' என்று தட்டிக்கழிப்பதைவிட மோசமான பதில் வேறில்லை.

ஊசி போடாத குடும்பங்களையெல்லாம் எதிர்ப்பாளர்களாகக் கருதுவதையும் கைவிட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், சில மாதங்கள் கழித்துக் கணவர் ஊருக்குத் திரும்பும்போது தடுப்பூசி அட்டை பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. புதிய ஊரின் கிராம சுகாதார செவிலியருக்கோ அந்தக் குழந்தை வந்திருப்பதே தெரியாது. புதன்கிழமை ஊசி நாள் என்றால், நூறு நாள் வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும் தாய் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். இவர்களுக்கு அம்மை நோயின் கொடுமையை விளக்கும் காணொளியால் பயனில்லை; அட்டை தொலைந்தாலும் வரலாம், தவணை தவறினாலும் பெரும்பாலான ஊசிகளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற தகவல்தான் தேவை.

யார் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்று அஞ்சிய குடும்பங்களின் மனத்தை மாற்றியதில், அதே தெருக்களில் வசித்த பெண் பணியாளர்களுக்கும் உள்ளூர் இமாம்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

கடைசியாக, கணக்கு. எத்தனை துண்டறிக்கைகள் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. பென்டாவேலன்ட் முதல் தவணைக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் மூன்றாம் தவணைக்கு வரவில்லை என்று செவிலியரின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்த மாதம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.