ஜப்பானை நோயாளி ஆக்காதீர்கள்: புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம். கல்லூரி மாணவி ஒருவர் இரண்டு நாடுகளின் புற்றுநோய் விகிதத்தைத் திரையில் இரண்டு பட்டைகளாகக் காட்டினார். ஜப்பான் கூரையைத் தொட்டது. இந்தியா முழங்கால் உயரம். "நம் மஞ்சளும் ரசமும் செய்த வேலை" என்றார். கைதட்டல். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில் இதே பட்டைகளை, இதே ரசத்தோடு, நானே பரிமாறியிருக்கிறேன்.

நோய்ப் பதிவுகளோடு மல்லாடுவதே என் பிழைப்பு. சுழியம் விடுபடுவது, லட்சத்தை மில்லியனாக்குவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

வயதைப் பார்க்காமல் நாடுகளை ஒப்பிடுவது

புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். ஜப்பானில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இந்தியாவில் ஏழு பேர் அளவில்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு ஊர்களிலும் நோய் ஒரே வேகம்: இளையவர்களில் லட்சத்துக்கு 100 பேர், முதியவர்களில் 1,500 பேர். முதல் ஊரில் முதியவர்கள் 30 சதவீதம். மொத்த விகிதம் 520. அடுத்த ஊரில் 10 சதவீதம்; விகிதம் 240. நோய் ஒன்றுதான். பிறந்த தேதிகள்தான் வேறு.

இதற்காகத்தான் வயதைச் சீராக்கிய விகிதம் இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் ஒரே வயதுக் கட்டமைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். அதற்கான பொது மக்கள்தொகையை 1960இல் வகுத்தவர் மிட்சுவோ செகி, ஒரு ஜப்பானியர்! அப்படிச் சீராக்கினால், அந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இருக்கிற எட்டு மடங்கு இடைவெளி மூன்று மடங்குக்குள் சுருங்கிவிடுகிறது. மிச்சத்திலும் ஒரு பங்கு, இந்தியாவில் கண்டறியப்படாமலும் பதிவேறாமலும் போகிற நோய்.

மரணத்தையும் பக்கத்தில் வையுங்கள். 2022இல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் புதிய நோயாளிகள், 9 லட்சம் மரணங்கள். ஜப்பானில் 10 லட்சம் பேருக்கு நோய். மரணம் 4 லட்சத்துக்குச் சற்று மேல். ரசம் எங்கே காப்பாற்றியது?

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. பட்டர்வொர்த் பேச்சு முடிந்ததும் ஓர் அக்கா, மார்பகப் பரிசோதனைச் சீட்டோடு வந்தார். "நமக்குத்தான் வராதே, தம்பி. இதற்குப் போகத்தான் வேண்டுமா?" "டாக்டரைக் கேளுங்கள், அக்கா" என்று மழுப்பினேன். சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது, 71 பேரில் ஒருவர்தான் அதனால் இறக்கிறார். மிகப் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை எட்டாததும் செய்கிற வேலை அது.

அதிகம் கண்டுபிடித்தால் அதிக நோய் என்று நினைப்பது

தென்கொரியாவில் 2011இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. மரணம் அசையவே இல்லை. கழுத்தை ஸ்கேன் செய்யச் செய்ய, தீங்கு செய்யாமல் கிடந்த சிறு கட்டிகளெல்லாம் கணக்கில் ஏறின.

ரத்தத்தின் மேல் பழி போடுவது

மலேசிய இந்தியர்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம் என்றதும் "நம் பரம்பரை" என்பார்கள். பரம்பரையாக வந்தது வெற்றிலைப் பெட்டி. அதற்குள் பாக்கும் புகையிலையும். ஹவாய்க்குக் குடியேறிய ஜப்பானியர்களிடம் தலைமுறை மாற மாற இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் ஏறியது. ரத்தமா மாறியது?

எல்லாவற்றையும் சாப்பாட்டில் கட்டுவது

மங்கோலியாவில் கல்லீரல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகம். பெருங்காரணம் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு 1989 முதல் பி தடுப்பூசி போடுகிறார்கள். பள்ளி மாணவிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2010 முதல். இவற்றைச் சொல்லாமல் மஞ்சளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது அநியாயம்.

இன்றைய நுரையீரல் மரணத்துக்கு இன்றைய சிகரெட்டைக் காரணம் காட்டுவது

இருபது, முப்பது ஆண்டுகள் பின்னால் போய், அன்றைய சிகரெட்டைப் பாருங்கள்.

பட்டையின் கீழ் ஆண்டு போடாமல் விடுவது

செய்யாதீர்கள்.