பெட்டி மேல் இருக்கும் படத்தை மறந்துவிடுங்கள்

மாடல் ரயில் லேஅவுட்டுக்கு (குட்டி ரயில் ஓடும் சின்ன ஊர் அமைப்புக்கு) வாங்கிய பிளாஸ்டிக் கட்டட கிட்டைப் பெட்டியில் உள்ள படம் மாதிரியே ஒட்டி வைத்தால், அந்த கிட் வைத்திருக்கும் எல்லார் லேஅவுட்டிலும் நிற்கிற அதே கட்டடம்தான் உங்களிடமும் நிற்கும். அதை ஒரு கட்டடம் என்று பார்க்காமல், நாலு சுவரும் கொஞ்சம் ஜன்னலும் என்று பாருங்கள். அவற்றை வெட்டி, மாற்றிச் சேர்த்து வேறு கட்டடமாக ஒட்டுவது, கிட்பேஷிங் என்பது அவ்வளவுதான்.

முதலில் சுவர்களை நகல் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டி, லேஅவுட்டில் நிறுத்திப் பாருங்கள். அட்டை போனால் போகட்டும். பின்னணிப் படத்தை ஒட்டி நிற்கப்போகிற கட்டடத்தின் பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் பின்சுவரையும் முன்சுவரோடு வரிசையில் சேர்த்துவிட்டால் ஒரே கிட்டில் இரண்டு மடங்கு நீளமான தொழிற்சாலை கிடைத்துவிடும், ஆழம் 2 அல்லது 3 செ.மீ. இருந்தாலே போதும். இரண்டு கிட்டைக் கலக்கும்போது மட்டும் கதவு உயரத்தை அளந்து பாருங்கள்: 2 மீட்டர் கதவு எச்.ஓ. (HO) ஸ்கேலில் (1:87, அதாவது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு) 23 மி.மீ. வரும், 'என்' (N) ஸ்கேலில் (1:160) 12.5 மி.மீ. தான்.

அறுப்பதில்தான் வேலையே இருக்கிறது. மெல்லிய சுவர் என்றால் இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியால் நாலைந்து முறை கீறி மடக்கினால் உடைந்து வரும். தடித்த செங்கல் சுவருக்கு மெல்லிய பல் ரம்பம் வேண்டும். கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் கோடு வரை தேயுங்கள். நான் ஒருமுறை கோட்டின் மேலேயே அறுத்துவிட்டு அப்புறம் தேய்க்கவும் செய்ததில், ஒரு சுவர் மட்டும் 1 மி.மீ. குட்டையாகி, கூரை கடைசிவரை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. செங்கல் சுவரின் நடுவில் வரும் இணைப்பு என்ன செய்தாலும் தெரியும், அதை மறைக்கப் பாடுபடுவதைவிட அதன்மேல் ஒரு மழைநீர்க் குழாயையோ தூணையோ ஒட்டிவிடுங்கள், வேண்டுமென்றே வைத்தது போல இருக்கும்.

கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்குத் தண்ணீர் போல ஓடும் கரைப்பான் பசைதான் சரி. இரு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும், ஆனால் பெயின்ட் இருந்தால் பிடிக்காது, சுரண்டிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். மூலைகளில் உள்பக்கமாகச் சதுரக் குச்சி வைத்து ஒட்டினால் சுவர் நேராக நிற்கும். ஜன்னல் பிளாஸ்டிக்குக்கு மட்டும் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து கண்ணாடி மங்கிவிடும். வெள்ளைப் பசை போதும்.

உள்ளே விளக்கு வைப்பதானால் ஜன்னல் மாட்டும் முன்பே உட்சுவர் முழுக்கக் கறுப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் கட்டடமே காகித விளக்கு மாதிரி ஒளிரும். வெளியே பிரைமர், அதன்மேல் மேட் செங்கல் நிறம். அது நன்றாகக் காய்ந்த பிறகு வெளிர் சாம்பல் பெயின்டை நீர்க்கக் கரைத்துப் பூசி உடனே துடைத்தால் காரைக் கோடுகளில் மட்டும் தங்கும். அழுக்குக்குச் சாக்பீஸ் தூள் போதும், ஜன்னல் விளிம்புக்குக் கீழே மேலிருந்து கீழாக இழுங்கள், மழை அப்படித்தான் ஒழுகும்.

லேஅவுட்டில் வைக்கும்போது சுவரின் அடியில் தெரிகிற இடைவெளியை மண்ணும் புல்லும் தூவி மூடிவிடுங்கள்.