மாத்திரை இல்லாத தூக்கமின்மை சிகிச்சை: மருத்துவர்களைப் பழக்குவது எப்படி?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, சிபிடி-ஐ (CBT-I) என்ற, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் நடத்தை சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ஆனாலும் மாத்திரைதான் முதலில் எழுதப்படுகிறது, ஏனென்றால் எழுத ஒரு நிமிடம் போதும், இந்த சிகிச்சையையோ யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கு இந்த சிகிச்சையில் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதல் நாளே ஒரு பழக்கத்தை உடைக்க வேண்டும். "காபியைக் குறையுங்க, போனைத் தள்ளி வைங்க" என்று சொல்லி அனுப்புவதையே பலர் சிகிச்சை என்று நினைக்கிறார்கள். அந்த அறிவுரை மட்டும் நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்க்காது. வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேலாகத் தவிக்கும் ஒருவர் அதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

பயிற்சியில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறைக்கு. உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் வகுத்தது இது. ஸ்லைடு போட்டு விளக்காதீர்கள், பேனாவைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நோயாளி 10 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறார், அவர் தினமும் எழுதும் தூக்கக் குறிப்பேட்டின்படி உண்மையில் தூங்குவது சராசரியாக ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 9 மணி நேரப் படுக்கையில் தூக்கம் 61%தான். படுக்கை நேரத்தையும் அதே ஐந்தரை மணி நேரமாகக் குறைத்து, காலை 6 மணிக்கு எழுவது என்று நிலையாக வைத்தால் படுக்கைக்குப் போகும் நேரம் இரவு 12.30. அடுத்த வாரக் குறிப்பேட்டில் அந்த விகிதம் 85%-க்கு மேல் போனால் 15 நிமிடம் கூட்டலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கவே கூடாது.

கணக்கு எளிது. ஆனால் "ஏற்கெனவே தூக்கம் இல்லைன்னு வந்தா, இன்னும் லேட்டா படுக்கச் சொல்றீங்களே டாக்டர்?" என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போதுதான் புதிதாகக் கற்றவர் தடுமாறி, "சரி, 11 மணிக்குப் படுங்க" என்று இறங்கிவிடுவார். சிகிச்சை அங்கேயே கெட்டுவிடும். அதனால் இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் நோயாளியாகச் சண்டை போட, மற்றவர் பதில் சொல்லிப் பழகட்டும். முதல் இரண்டு வாரம் பகலில் அசதி கூடத்தான் செய்யும், அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்குங்கள்.

படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டுமே என்று மனதைப் பழக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த விதிகளையும் இதே மாதிரி பேசிப் பழகலாம்: தூக்கம் வந்தால் மட்டும் படுக்கை, வராவிட்டால் எழுந்து வேறு அறை, படுத்துக்கொண்டு டிவி பார்ப்பது கூடாது.

யாருக்கு இது ஆகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். பைபோலார் நோய், வலிப்பு உள்ளவர்களுக்குப் படுக்கை நேரத்தைக் குறைப்பது ஆபத்தாகலாம். லாரி, பஸ் ஓட்டுபவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் முதலில் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதனை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரை திடீரென நிறுத்தச் சொல்லக் கூடாது; அதை எழுதிய மருத்துவரோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை, 3 நாள் பயிலரங்கோடு நிற்காமல் பிறகு சில மாதம் வாராவாரம் தொலைபேசியில் வழிகாட்டியது, சிகிச்சை அமர்வுகளின் ஒலிப்பதிவையும் கேட்டுத் திருத்தியது. அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், ஒவ்வொருவரும் இரண்டு நோயாளிகளையாவது முழுதாக, 6 முதல் 8 அமர்வு வரை, உங்கள் மேற்பார்வையில் பார்த்து முடிக்கட்டும். நோயாளியின் அனுமதியோடு பதிவு செய்த இரண்டாவது அமர்வை நீங்களே கேளுங்கள், படுக்கை நேரத்தில் பேரம் பேசியிருந்தால் பெரும்பாலும் அதில்தான் தெரியும்.