சப்பாத்தி சாப்ட்டு ஓடுனா உடம்பு தடிக்குதா? பிளட் டெஸ்ட்ல எதை கேட்டு எடுக்கணும்

என் தம்பிக்கு பரோட்டா சாப்ட்டா ஒண்ணும் ஆகாது, வெறும் வயித்துல ஷட்டில் ஆடுனாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா பரோட்டாவ தின்னுட்டு ஒரு மணி நேரத்துல கோர்ட்ல இறங்கினான்னா உடம்பெல்லாம் தடிச்சு அரிக்கும், ஒரு தடவ மயங்கியே விழுந்துட்டான். ரெண்டு வருஷம் வேர்வை அலர்ஜின்னு நெனச்சு மாத்திரை போட்டுட்டு இருந்தோம். அப்புறம் கோதுமை அலர்ஜி டெஸ்ட் எடுத்தா அதுவும் நெகட்டிவ். அங்கதான் நெறைய பேர் ஏமாந்துடறாங்க.

விஷயம் என்னன்னா, கோதுமையும் ஓட்டம் ஆட்டமும் சேர்ந்தா வர்ற இந்த டைப் அலர்ஜிக்கு பெரும்பாலும் காரணம் ஒமேகா-5 கிளையடின்னு ஒரு புரதம், லேப் லிஸ்ட்ல ட்ரை ஏ 19னும் போட்டிருக்கும். இது தண்ணில சரியா கரையாது, அதனால கோதுமையோட மொத்த சாறை வச்சு பண்ற சாதா டெஸ்ட்ல இது மாட்டாமலே போகலாம்.

ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க, டாக்டருக்கு டெஸ்ட்ட விட இதுதான் முக்கியம். என்ன சாப்ட்டீங்க, எவ்ளோ, எத்தன நிமிஷம் கழிச்சு என்ன பண்ணிட்டு இருந்தப்ப வந்துச்சு, அன்னிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டீங்களா, சரக்கு அடிச்சீங்களா, பீரியட்ஸா, எல்லாம். இதெல்லாம் ரியாக்‌ஷன தூண்டி விடும். கோதுமைன்னா சப்பாத்தி மட்டும் இல்ல, ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் எல்லாம் எழுதுங்க (கூட்டுப் பெருங்காய டப்பாவையும் திருப்பி பாருங்க, பல பிராண்டுல கோதுமை மாவு இருக்கும்). தடிப்ப போட்டோ எடுத்து வைங்க.

அலர்ஜி டாக்டர்கிட்ட போய் சீட்டுல ‘ஸ்பெசிஃபிக் ஐஜிஇ, கோதுமை, ஒமேகா-5 கிளையடின்’னு பேர் போட்டே எழுதி வாங்குங்க (ஐஜிஇன்னா அலர்ஜில ரத்தத்துல உண்டாகற எதிர்ப்புப் புரதம், ஸ்பெசிஃபிக்னா அந்த ஒரு பொருளுக்கு எதிரா உள்ளத மட்டும் பாக்கறது). டோட்டல் ஐஜிஇ மட்டும் எடுத்து பிரயோஜனம் இல்ல, ஆஸ்துமா, வயித்துல பூச்சி எது இருந்தாலும் அது ஏறும். நூறு சாப்பாட்டுக்கு ஐஜிஜி பேக்கேஜ்னு விப்பாங்க, அதுக்கு காசு குடுக்காதீங்க, அது அலர்ஜி டெஸ்டே கிடையாது. சீலியாக்னு கோதுமையால குடல் கெடற வியாதிக்கு எடுக்கற டிடிஜி ரத்த டெஸ்ட்டும் இதுக்கு இல்ல, அது வேற வியாதி. எல்லா லேப்லயும் இத பண்ண மாட்டாங்க, முதல்ல போன்ல புரதத்தோட பேர சொல்லி கேட்டுட்டு போங்க.

வெறும் வயித்துல போக வேண்டியதில்ல. அரிப்பு மாத்திரைய நிறுத்தவும் வேணாம், அது தோல்ல குத்தி பாக்கற டெஸ்ட்டுக்குத்தான், அதுக்கு டாக்டர் சொல்றபடி சில நாள் முன்னாடியே நிறுத்தணும்.

ரிசல்ட்ல வழக்கமா 0.35க்கு மேல இருந்தா பாசிட்டிவ்னு போடுவாங்க. நம்பர் பெருசா இருந்தா ரியாக்‌ஷனும் பெருசா வரும்னு இல்ல. நம்பரோட உங்க நோட்டும் ஒத்துப் போனாத்தான் டயக்னோசிஸ். நெகட்டிவ் வந்தாலும் முழுசா விலகிடுச்சுன்னு இல்ல, சிலருக்கு குளூட்டெனின் மாதிரி வேற கோதுமை புரதம் காரணமா இருக்கும். ஜப்பான்ல 2011 வாக்குல கோதுமை புரதத்த உடைச்சு கலந்த ஒரு முகச் சோப்பால ரெண்டாயிரம் பேருக்கு மேல இந்த அலர்ஜி வந்துச்சு, அவங்கள்ல நெறைய பேருக்கு ஒமேகா-5 டெஸ்ட் பெருசா எதுவும் காட்டல. அப்படி சந்தேகம் நின்னா ஆஸ்பத்திரில வச்சு சாப்பிட குடுத்து டிரெட்மில்ல ஓட விட்டு பாப்பாங்க. அத வீட்டுல நீங்களே ட்ரை பண்ணிடாதீங்க, உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு, ரியாக்‌ஷன் வந்து கேஷுவாலிட்டிக்கு போனா, ஊசி போட்டு ஆள் நிதானத்துக்கு வந்ததும் டிரிப்டேஸ் டெஸ்ட் (அலர்ஜி ரியாக்‌ஷன்ல ரத்தத்துல ஏறற ஒரு பொருள்) எடுக்க முடியுமான்னு கேளுங்க. ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, எல்லாம் அடங்கி 24 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு, ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பாப்பாங்க.

டாக்டர பாக்கற வரைக்கும் கோதுமை சாப்ட்ட பிறகு குறைஞ்சது நாலு மணி நேரம் ஓட்டம், ஜிம், ஷட்டில் எதுவும் வேணாம், தனியா போய் ஆடவும் வேணாம். மூச்சு திணறல், தலைசுத்தல்னா அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, தொடையில போடுவாங்க. மாத்திரைய முழுங்கிட்டு உக்காந்திருக்காம 108க்கு அடிங்க.

தம்பிக்கு ரெண்டாவது டெஸ்ட்லதான் பாசிட்டிவ் வந்துச்சு. இப்ப மேட்ச் இருக்கற நாள் இட்லிதான், கடுப்புலதான் சாப்பிடறான்.