‘சிரி’ என்று சொல்லாமல் குழந்தையைச் சிரிக்க வைக்க

ஸ்டுடியோவுக்கு வரும் குடும்பங்கள் குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்ததும், “மாமாவைப் பார், சிரி, சிரி” என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தாத்தா கிலுகிலுப்பையை ஆட்டுவார், சித்தி கை தட்டுவார். குழந்தையின் கண் எல்லாப் பக்கமும் போகும், கேமராவைத் தவிர. அதனால் நான் முதலில் செய்வது கூட்டத்தைக் கலைப்பது. ஒருவர் போதும், பெரும்பாலும் அம்மா. மற்றவர்கள் வெளியே போய் டீ குடிக்கலாம்.

கேட்டு வாங்கும் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து, 1862-இல் இதைப் படங்களோடு புத்தகமாகவே வெளியிட்டார். வாயோரத்தை நாம் நினைத்தபடி இழுக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் சுருங்கும் என்றார். “பல்லைக் காட்டு” என்று பழக்கிய நான்கு வயதுக் குழந்தை, பல் டாக்டர் முன் உட்கார்ந்ததுபோல இளிப்பது அதனால்தான்.

நேரம் முக்கியம். ராகுகாலம் பார்த்து வருகிறவர்கள் குழந்தையின் தூக்க நேரத்தைப் பார்ப்பதில்லை. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் எனக்கு நல்ல நேரம். பட்டுப்பாவாடையை வீட்டிலேயே போட்டு வராதீர்கள். ஜரிகை அக்குளில் உறுத்தும். உள்ளே பருத்திச் சட்டை போட்டு, கடைசியில் மாற்றுங்கள். நெற்றிச்சுட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டிமார்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி சிரிப்புக்கு வருவோம். எனக்குத் தெரிந்த சிறந்த கருவி நண்டூருது நரியூருது. அம்மா குழந்தையின் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாக மடக்கி எல்லோருக்கும் சோறு ஊட்டி முடித்து, இரண்டு விரல்களைக் கைமேல் நடத்திக்கொண்டு போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும். முதல் தடவை படம் எடுக்காதீர்கள். கிச்சுக்கிச்சு மூட்டும் அந்த நொடியிலும் எடுக்காதீர்கள்: தோள் ஏறி, தாடை இறங்கி, கண் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்று ஆனதும், விரல் முழங்கையைத் தொடும்போதே குழந்தை சிரிக்கத் தொடங்கும். இனி என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்போது அம்மா எழுந்து என் பின்னால் வந்து, லென்ஸுக்கு நேர் மேலே இரண்டு விரல்களைக் காற்றில் நடத்தினால் போதும். குழந்தை நேராகப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்பு உச்சத்துக்குப் போய் அடங்கி, ‘இன்னொரு தடவை’ என்று நிமிர்ந்து பார்க்கும் முகம் இன்னும் அழகு. அதற்காகவே கேமராவைத் தொடர்ந்து எடுக்கும் முறையில் வைத்திருக்கிறேன்.

வயதுக்குத் தக்கபடி விளையாட்டு மாறும். முகம் பார்த்துச் சிரிப்பது பெரும்பாலும் இரண்டாம் மாத வாக்கில்தான் வருகிறது. அதற்கு முன் தூக்கச் சிரிப்போடு திருப்தி அடையுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில் புதுமுகம் கண்டாலே அழும். நான் குழந்தையைப் பார்க்காமல் அம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே லென்ஸ் மூடியை உருட்டிக்கொண்டிருப்பேன்; அதுவாகவே என்னைப் பார்க்கத் தொடங்கும். இரண்டு வயதுக்காரர்களுக்குப் பெரியவர்கள் தப்பு செய்ய வேண்டும். என் காதைத் தொட்டு “இதுதானே மூக்கு?” என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான்கு வயதுக்காரனிடம், “இங்கே சிரிக்கவே கூடாது, சிரித்தால் கேமரா கோபித்துக்கொள்ளும்” என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னால் போதும்.

செல்போனில் கார்ட்டூன் காட்டாதீர்கள். வாய் திறந்து, கண் நிலைகுத்தி நிற்குமே தவிர, சிரிப்பு வராது. சாக்லேட் கடைசியில்.

வீட்டில் எடுப்பவர்களுக்கு: ஜன்னல் ஓரம் போதும், பிளாஷ் வேண்டாம். தரையில் உட்காருங்கள், லென்ஸ் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கட்டும். கேமராவில் ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாக வேண்டாம். ஓடியாடும் குழந்தை என்றால் 1/500. இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டுங்கள்: கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை யாரும் குறை சொல்வதில்லை, கலங்கிய படத்தைச் சொல்வார்கள். செல்போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும்; தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். முன்பக்கக் கேமரா கூடாது. குழந்தை லென்ஸை விட்டுத் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அழுதால் நிறுத்திவிட வேண்டும். தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு நடை போய்வரட்டும். சில குழந்தைகள் பிறவியிலேயே கம்பீரம். அவர்களை உம்மென்றே எடுத்துக் கொடுக்கிறேன். பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

படம் தேர்ந்தெடுக்கும்போது வாயை விரலால் மறைத்துப் பாருங்கள். கண் மட்டுமே சிரிக்கிறது என்றால் அதைப் பிரிண்ட் போடுங்கள். பாட்டி வேறு படத்தைக் காட்டினால் வாதாடாமல் அதிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.