டெலோரியன் கதவு பாதியில் தொங்குகிறதா?
1980-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் டன்மரியில் தயாரான டெலோரியன் காரின் கதவுகள், பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறப்பவை. திறந்த கதவு முழுதாக ஏறாமல் தொங்கினால், கூரையை ஒட்டியிருக்கும் முறுக்குக் கம்பியை (முறுக்கிய நிலையில் இருந்து கதவைத் தூக்க உதவும் இரும்புத் தண்டு) இறுக்கத்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம்! அதில் தேங்கியிருக்கும் விசை கையைப் பதம்பார்த்துவிடும். அந்த வேலை அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு உரியது.

பெரும்பாலும் குற்றவாளி, கதவைத் தூக்கிப்பிடிக்கும் சிறிய வாயுத் தண்டுதான். வயதாக ஆக அதன் அழுத்தம் இறங்கிவிடும். குளிர்காலத்தில் இன்னும் சோர்ந்துபோகும். கதவுக்கு உறுதியான முட்டுக்கொடுத்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். துணைக்கு ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, தலை தப்பும். வலுவாக இருக்கட்டுமே என்று கூடுதல் விசை உள்ளதை வாங்காமல், அந்தக் காருக்கென்றே உள்ள அளவைக் கேட்டு வாங்குங்கள்.